ஆறு பேரில் ஒருத்தி போனால்

8 ஜூலை 1963, திங்கள்

விடாத மழை. கொடியில் நாலு வேட்டி, ஒன்றும் காயவில்லை. மண்ணெண்ணெய் அடிமட்டத்தில்.

வத்சுவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். கூட்டல் மளமளவென்று போடுகிறாளாம். கழித்தல்தான் சுத்தமாக வரவில்லையாம். சனிக்கிழமை மனக்கணக்குப் பரீட்சை. அதிலும் இப்படியே என்றால் இரண்டாம் வகுப்பிலிருந்து இறக்கி, மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்களாம். ஏழு வயசுக் குழந்தையை!

இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"பாலக்காட்டுல அக்காகிட்ட விட்டுடலாம். இந்தச் சத்திரத்துல குழந்தைக்குப் படிப்பு எங்கேருந்து வரும்?"

இவர் அத்திம்பேர், அந்த அக்காவின் அகத்துக்காரர், தாதரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். ஞாயிறு மெயில் வண்டியில் திரும்புகிறார். அவரோடு அனுப்பிவிடலாமாம், ஊறுகாய் ஜாடி அனுப்புகிற மாதிரி. வத்சு அங்கேயே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் காது இல்லை என்று நினைப்பு.

சத்திரம் என்றால் இதுதான்: மாதுங்காவில் இரண்டு அறை. நாங்கள் மூவர். வேலை தேடி ஊரிலிருந்து வந்த பையன்கள் மூவர், ஹாலில் பாய். அதில் இரண்டு பேர் இவர் பக்கத்து மனுஷாள். அதை நான் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது.

கணக்கு என் வம்சத்திலேயே கிடையாதாம். இவர் வம்சம் பஞ்சாங்கம் கணித்த வம்சமாம். பாஜிவாலாவிடம் காய் வாங்கப் போனால் இவருக்கு மீதிச் சில்லறை சரியாக வாங்கத் தெரியாது!

செவ்வாய்

டீச்சரிடம் கேட்டேன், வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று. "தாராளமா மாமி. பரீட்சை வரைக்கும் வாங்கோ." நல்ல மாதிரி.

கடைசி பெஞ்ச். முழங்கால் மோவாயில் இடிக்கிறது. குடை சொட்டி என் காலடியில் குளம். குழந்தைகள் பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்தன. வத்சு மட்டும் திரும்பவில்லை. அவ்வளவு மானம்.

டீச்சர் கேட்டாள்: "ஒரு வீட்டுல ஆறு பேர். ரெண்டு பேர் ஊருக்குப் போயிட்டா. மீதி எத்தனை பேர்? வத்சலா."

எழுந்தாள். யோசிக்கவே இல்லை. "ஆறு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒரு வாண்டு "பாகல்" என்றது, பைத்தியமாம். அறையலாம் போல் இருந்தது, அதையா என் பெண்ணையா தெரியவில்லை. அழுகை வேறு. தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வத்சு உட்கார்ந்து பென்சில் சீவுகிறாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

புதன்

மழை கொஞ்சம் விட்டது. துணி பாதி காய்ந்தது.

வகுப்பு. டீச்சர் கையில் ஐந்து சாக்பீஸ். இரண்டை ஒடித்துக் குப்பையில் போட்டாள். மீதி? வத்சு: "அஞ்சு. நீங்க ஆபீஸ் ரூம்லேருந்து வேற எடுத்துண்டு வருவேளே, டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கிச்சாவுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரியில் வேலை. ஒருவழியாக! என் சித்தி பிள்ளை, எட்டு மாதமாக எங்களோடு. சாயங்காலம் கிளம்பினான். மிளகாய்ப்பொடி, நாரத்தங்காய், பழைய போர்வை கட்டிக் கொடுத்தேன். அங்கே ஒரு ரூமில் நாலு பேராம். தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். வத்சு சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். யார் போனாலும் இவள் அழுவதே இல்லை. கல் நெஞ்சோ என்னவோ.

வியாழன்

காப்பி வடிகட்டும்போது கதவைத் தட்டினார்கள். ட்ரங்குப் பெட்டி, நேந்திரங்காய் வறுவல், நனைந்த ஒரு பையன். சீனு. இவருடைய மாமா பிள்ளைக்கு மச்சினனாம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்.

கிச்சாவின் பாயை எடுத்து விரித்தாயிற்று.

வத்சு வாசலில் நின்று குதித்தாள். "அம்மா, ஆறாயிடுத்து!"

டிகாஷன் கையில் கொட்டியது. மடச்சி நான்! பிறந்ததிலிருந்து குழந்தை இதைத்தானே பார்த்திருக்கிறாள்? ஒருத்தன் போவான், அடுத்த மெயிலில் இன்னொருத்தன் வந்து நிற்பான். இந்த வீட்டில் எதிலிருந்து எது குறைந்திருக்கிறது?

டீச்சரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "எங்காத்துலயும் மூணு பேர் இருக்கா, மாமி. ஒருத்தனும் போகவே மாட்டேங்கறான்!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா போனது போனதுதான்னு அவளுக்குத் தோணணுமே. அதை எப்படிச் சொல்லித்தரது?"

இவர் சிரிக்கவில்லை. "அதைத்தானே நானும் சொல்றேன். சத்திரம். அத்திம்பேர்கிட்ட அரை டிக்கெட் எடுக்கச் சொல்லியாச்சு."

எடுக்கச் சொல்லியாச்சு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசத்தில் உப்புப் போடவில்லை, வேண்டுமென்றே.

சாயங்காலம் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்தில் நாலை எடுத்தேன். வத்சு உள்ளே ஓடி டப்பாவிலிருந்து நாலு கொண்டுவந்து வைத்தாள். "பத்து."

வெள்ளி

மறுபடி அடைமழை. பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள்.

தலை பின்னிக்கொண்டிருந்தேன். இவர் கண்ணாடி முன் ஷேவிங்.

"அம்மா, நான் பாலக்காடு போனா யார் வருவா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"என்னை மாதிரி பொண்ணா வருவாளா? என் மஞ்சள் கவுனை அவளுக்குக் குடுத்துடுவியா?"

நாலு நாளாக இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"யாரும் வரமாட்டா."

"ஏன்? கிச்சா மாமா போனா சீனு மாமா வந்தாரே."

"உன் இடத்துக்கு யாரும் வர முடியாதுடி."

விரலை மடக்கினாள். ஒரு விரலை மடக்கியபடியே வைத்துக்கொண்டாள்.

"அப்போ அஞ்சா?"

"அஞ்சு."

"தீபாவளிக்கும் அஞ்சேதானா?"

"அஞ்சேதான்."

என் மடியில் கவிழ்ந்து அழுதாள். முதல் தடவை கழித்தல் சரியாக வந்தது, ஒரு வாய் பாராட்ட முடியவில்லை என்னால். பின்னல் பாதியில் நின்றது. கண்ணாடியில் இவர் முகம், ஒரு கன்னம் முழுக்க சோப்பு. ரேசர் அசையவில்லை.

சனி

பரீட்சை. மகமாயி என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மரத்துல ஒன்பது குருவி. ரெண்டு பறந்துபோச்சு. வத்சலா?"

எழுந்தாள். "டீச்சர், அது திரும்பி வருமா?"

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "வராதும்மா."

"வேற குருவி வருமா?"

"வராது."

"அப்போ ஏழு."

பத்துக்கு எட்டு சரி. ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னாள், திரும்பி வருமா, வேறே வருமா என்று. இரண்டாம் வகுப்பிலேயே இருப்பாள்! வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன், பையன்களுக்கும் சேர்த்து.

மத்தியானம் அத்திம்பேர், டிக்கெட்டோடு. இவரிடம் இன்னும் மார்க்கைச் சொல்லவில்லை. சமையலறையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தேன். அதற்குள் ஹாலில் இவர் குரல்: "அந்த அரை டிக்கெட்டைக் கான்சல் பண்ணிடுங்கோ, அத்திம்பேர். நடுவுல ஸ்கூல் மாத்தப்படாதுன்னு டீச்சர் சொல்லிட்டா."

டீச்சர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அத்திம்பேருக்கு இரண்டாவது காப்பி, திக்காக.

அவர் போன பிறகு இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மார்க்கைச் சொன்னேன். தலையாட்டினார். போகவில்லை.

"நேத்து அவ அஞ்சுன்னாளே. அவ போனா மிஞ்சற அந்த அஞ்சுல நானும் ஒருத்தன்தானே?"

ஆமாம், என்றேன்.