காளிராஜ் உரிமை கோரப்படாதவர் அல்லர்

அனுப்புநர்
ராஜலக்ஷ்மி சங்கரன்,
ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலக எழுத்தர்,
மாட்டுங்கா கிழக்கு, மும்பை.
(தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிரிக்கெட் ரசிகர்கள் சார்பாக)

பெறுநர்
உயர்திரு கூடுதல் ஆணையர் அவர்கள்,
பொதுச் சுகாதாரப் பிரிவு, மும்பை.

பொருள்: முன்னாள் கிரிக்கெட் வீரர் திரு. காளிராஜ் அவர்களின் உடலைக் கேட்டுச் சென்ற ரசிகர்களைத் திருப்பியனுப்பிவிட்டு, உரிமை கோரப்படாத சடலமாக எரித்தது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே புகாரை மராத்தியில் இருமுறை கொடுத்துவிட்டோம். பதில் இல்லை. தாங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டு இம்முறை தமிழில் எழுதுகிறேன். அலுவலக உபயோகத்துக்காக மராத்திப் பிரதியும் இணைத்துள்ளேன்.

1. காலஞ்சென்ற திரு. காளிராஜ் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான அவர், தொண்ணூறுகளில் சில ஆண்டுகள் மும்பை அணிக்கு ஆடினார். இந்திய அணிக்கு அவரை எடுக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. எங்களுக்கு அவர் பெயரைத் தவிர வேறு பெயர் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு.

2. அவரை ஏன் இவ்வளவு நேசித்தோம் என்பது புகாருக்குத் தேவையற்றது என்கிறார் என் கணவர். இருப்பினும் தாங்கள் அறிய வேண்டும். ஓர் அரையிறுதியின் கடைசி நாள். ஒன்பது விக்கெட் போய்விட்டது. மட்டை பிடிக்கவே தெரியாத காளிராஜ் கடைசி ஆளாக இறங்கினார். கேலரியில் தாராவிக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "ஏ, கொஞ்ச நேரம் சும்மா இருங்கடே, பந்து வார சத்தம் கேக்கணும்" என்று கத்தினார். மேளம் நின்றது. ஆட்டம் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் ஒரு ரன்கூட எடுக்கவில்லை, அவுட்டும் ஆகவில்லை. ஆட்டம் டிராவாகி, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் நம் அணி இறுதிக்குப் போனது. அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த நானும், மேளத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்த தாராவி இட்லி வியாபாரி திரு. பிச்சையும் பழகியது அன்றுதான். பொதுவாக மாட்டுங்கா மனிதர்களும் தாராவி மனிதர்களும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. அவருக்காக உட்கார்ந்தோம்.

3. ஓய்வுக்குப் பின் அவர் கோபர்கைரனேயில் வாடகை வீட்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி திருமதி பூமாரி காலமான பிறகு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். போன் செய்தால், "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

4. சென்ற ஜூன் மாதம் ஹார்பர் லைன் ரயிலில் மயங்கி விழுந்த அவரை, ரயில்வே காவலர்கள் இணைப்பில் பெயர் குறிப்பிட்டுள்ள மருத்துவமனையில் சேர்த்தனர். அங்கே செவிலியராகப் பணிபுரியும் செல்வி ஜெபசெல்வி தாராவிப் பெண். முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அவளிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "நம்ம ஆள்கட்ட சொல்லிராத தாயி. எல்லாவனும் பொழப்பப் போட்டுட்டு வந்துருவானுவ." அந்தப் பெண் அவர் சொல்லைத் தட்டவில்லை. அவர் இறந்த பிறகே பிச்சைக்குப் போன் செய்து அழுதாள். அவர் சொன்னது சரிதான், ஐயா. எல்லோரும் வந்தோம்.

5. தாராவியிலிருந்து டெம்போவில் வந்தார்கள். காட்கோபரிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். பிணவறை வாசலில் மாலைகளோடு மழையில் நின்றோம். எழுத்தர் என்னிடம், "ரிஷ்தா க்யா ஹை?" என்று கேட்டார், உறவு என்னவென்று. ரசிகை என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. "ஃபேன் கோயீ ரிஷ்தா நஹீ ஹோதா, மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ரசிகர் என்பது ஓர் உறவே இல்லையாம்.

பிச்சை பொறுக்கமாட்டாமல், தான் அவர் தம்பி என்று சொல்லிவிட்டார். ஆதார் அட்டையைக் கேட்டார்கள். தகப்பனார் பெயர் வேறு. பொய் சொல்லிப் பிணம் வாங்க வந்தவன் என்று காவலாளி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். விழுந்த இடத்திலிருந்து எழாமலே பிச்சை கும்பிட்டார்: "ஐயா, முகத்தயாவது காட்டுங்கய்யா. ஒருக்கா பாத்துட்டுப் போயிருதோம்." காட்டவில்லை.

6. காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று வேண்டுமென்று மருத்துவமனை சொன்னது. மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டுமென்று காவல் நிலையம் சொன்னது. இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டே, திருநெல்வேலிப் பக்கம் அவருடைய அண்ணன் மகன் திரு. தமிழ்செல்வனைத் தேடிக் கண்டுபிடித்தோம். கொத்தனார் வேலை பார்ப்பவர். உடனே ரயிலேறினார். அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். முத்திரையிட்ட நகல் என்னிடம் உள்ளது. அவர் வந்து சேர்ந்தபோது உடல் அங்கே இல்லை. காலக்கெடு முடிந்ததென்று முந்தைய நாளே மற்ற அநாதைப் பிணங்களோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

எந்த மயானம் என்று கேட்டோம். ஒருவர் ஓர் இடம் சொன்னார். இன்னொருவர் வேறிடம் சொன்னார். இரண்டுக்கும் போனோம். இரண்டிலும் தெரியாது என்றார்கள். சாம்பலைத் தேடி வந்திருக்கிறோம் என்றதும், அங்கிருந்த ஊழியர் ஒருவர் மெதுவான குரலில் மராத்தியில், "அதெல்லாம் எடுத்து வைப்பதில்லை, அம்மா" என்றார். ஊருக்குத் திரும்பும்போது தமிழ்செல்வன் ரயில் வாசலில் நின்றபடி, "சித்தப்பாவுக்குத் தலையில ஒரு சொட்டு எண்ண வைக்கக்கூடக் குடுத்து வைக்கலியே" என்றார்.

7. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக "உரிமை கோரப்படாத சடலம்" என்று எழுதப்பட்டுள்ளது. ஐயா, நாங்கள் உரிமை கோரினோம். மழையில் நின்று கோரினோம்.

8. முகத்தையும் பார்க்கவில்லை, சாம்பலையும் காணவில்லை என்பதால், எரித்துவிட்டார்கள் என்பதைப் பிச்சை நம்ப மறுக்கிறார். "உள்ளதான் வச்சிருக்காங்க மாமி. கூட்டம் கூடிரும்னு நம்மட்ட பொய் சொல்லுதாங்க" என்கிறார். இட்லி வியாபாரம் நின்றுவிட்டது. விடிந்ததும் அந்த வாசலுக்குப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுகிறார். காவலாளிகள்கூட இப்போது அவரை விரட்டுவதில்லை. அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்னா கேப்பாரு மாமி" என்று அழுகிறாள். சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை.

யாரையும் தண்டிக்க வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வேண்டுகோள்:

அ) திரு. காளிராஜின் உடல் எந்த மயானத்தில், எந்தத் தேதியில் எரிக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஆ) "உரிமை கோரப்படாத" என்னும் சொல்லைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும்.

இ) அருகில் உறவினர் இல்லாதவர்களின் இறுதிக் காரியத்தை நண்பர்களும் அபிமானிகளும் செய்ய வழிவகை செய்ய வேண்டும்.

மூன்றாவதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்று அறிவேன். இரண்டாவது நடக்காது என்று வக்கீல் ஒருவர் சொல்லிவிட்டார். முதலாவதை மட்டுமாவது தாங்கள் மனது வைத்துச் செய்துதர வேண்டும். அரசு முத்திரையோடு ஒரு வரி போதும். இடம் தெரியவில்லை என்றால், எரித்தது உண்மை, இடம் மட்டும் தெரியவில்லை என்றே எழுதி அனுப்புங்கள். அதைப் பிச்சையிடம் படித்துக் காட்டி, அவரை அந்த வாசலிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.

இடம்: மாட்டுங்கா, மும்பை
நாள்: 11.08.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ராஜலக்ஷ்மி சங்கரன்