சொல்லாமல் போன மாமி

ஆடிச் செவ்வாய், இரவு

எங்கள் நாய் சுண்டுவின் பின்னங்காலை ஆபரேஷனில் எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. நாளையும் சாப்பிடாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று நாய் டாக்டர் சொல்லிவிட்டார். தயிர்சாதத்தை நானே தின்று காட்டுகிறேன். அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எனக்குத்தான் இடுப்பில் ஏறுகிறது.

மாலையில் மூன்றாம் மாடி சாரதா மாமி வந்தாள். எங்கள் மாட்டுங்கா பேட்டையில் யார் வீட்டு வம்பும் அவளுக்குத்தான் முதலில் தெரியும், எனக்கு அடுத்தபடியாக. தலையைக் குனிந்துகொண்டு சுண்டுவின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னடி சாப்பிட்டது?"

"மாமி, அவன் இன்னும் இருக்கான்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நான் பொதுவாக் கேட்டேன்."

சுண்டுவுக்குக் காது அரித்திருக்க வேண்டும். இல்லாத காலால் சொறியப் பார்த்தான். கட்டுப் போட்ட இடம் மட்டும் துடித்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பேசாமல் வெளியே போய்விட்டாள். துக்க வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். லிஃப்ட் வரை துரத்தினேன்.

"மாமி, சொல்லிண்டு போங்கோ!"

"அரே, இந்த மாசம் பூரா துக்கம் கேக்கவே போயிண்டிருக்கேனா, பழக்கமாயிடுத்துடி. போயிட்டு வரேன், வரேன், வரேன்!"

இதை இவரிடம் நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். பிறகு சுண்டுவின் காதைச் சொறிந்துவிட்டு, தொடாத தட்டை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு இங்கே டைரியோடு வந்து உட்கார்ந்தேன்.

தினமும் அவனிடம் "தூங்குடா, காலம்பற வரேன்" என்பேன். இன்று ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். எழுதும்போதுதான் உறைக்கிறது.

போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.