கயிறு உரசுகிறதாம்

அக்டோபர் 6, ஞாயிறு

வில்லாபுரத்து வாடகை வீட்டை விட்டுப் பரவைப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்து இன்றோடு நாற்பது நாள். துணி மடிக்கும்போது அவர் பனியனில் ஏதோ புல்விதை ஒட்டியிருந்தது. தட்டினேன், விழவில்லை. பிடித்து இழுத்தபோது காலை அசைத்தது.

எட்டுக் கால். எண்ணாமல் இருக்க முடியாது எனக்கு. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷமாகப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். உண்ணி.

அவரிடம் காட்டினேன். "ஆட்டு உண்ணி தாமர. எங்க கல்லுப்பட்டிப் பக்கம் இதையெல்லாம் யாரு பாத்தா?" என்று சிரித்துவிட்டு வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அக்டோபர் 9, புதன்

ஆய்வகத்திலிருந்து ஒரு சின்ன பாட்டில், கொஞ்சம் ஸ்பிரிட், ஒரு பழைய இடுக்கி கொண்டுவந்தேன். இன்று மட்டும் பதினொன்று. வாசல்படியில் ஏழு, துணி காயும் கொடியில் மூன்று, என் கொலுசுக்கு மேலே ஒன்று.

அக்டோபர் 13, ஞாயிறு

சமையலறைத் தரையில் எதையோ மிதித்தேன். திராட்சை நசுங்கியது போல இருந்தது. தரையில் சிவப்பு. யாருடைய ரத்தம்?

இந்த இடத்தை விற்றவர் சொன்னது ஞாபகம் வருகிறது. "வருசா வருசம் ஆட்டுக்கிடை போட்ட மண்ணு சார். செருப்ப நட்டாலும் துளுக்கும்." அந்த ஒரு பேச்சுக்கு மயங்கித்தான் இவர் வாங்கினார். தாலுகா ஆபீசில் நாற்காலி தேய்த்தாலும் பாண்டிராஜ் உள்ளுக்குள் விவசாயி. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் விட்ட இடைவெளி வழியாக, பின்னால் பட்டி போட்டிருக்கும் இருளாயியின் ஆடுகள் வந்து புல்லை மேய்கின்றன. புழுக்கை கிடைக்கிறது என்று இவருக்குச் சந்தோஷம். அந்தப் புழுக்கையோடு வேறு என்ன கிடைக்கிறது என்று நான் தினமும் பாட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுவரை அடைத்துவிட வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளில்.

அக்டோபர் 19, சனி

அடைத்தாயிற்று. கொத்தனார் ஹாலோ பிளாக் வைத்துக்கொண்டிருக்கும்போதே இருளாயி ஆடுகளோடு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

"என்ன டீச்சர், எங்க ரோட்ட மறிச்சுட்டீக?"

"உங்க ஆட்டால வீடு பூரா உண்ணி. இனிமே இங்கிட்டு வராதீங்க."

கொத்தனார் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் கோபப்படவில்லை.

"எங்க ஆடு வந்தா உண்ணி வந்துச்சு? அதுக வீட்டு மேலல்ல நீங்க வீடு கட்டியிருக்கீக." ஆடுகளைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நேத்து வரைக்கும் அதுக்கு ஆடு இருந்துச்சு. ஆட்ட வெரட்டிட்டீக. இனி அது யாரத் தேடும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஊரிலிருந்து வந்தார், சுவரைப் பார்த்தார். தோளில் பையோடு போய்ப் புது பிளாக்கைத் தட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 26, சனி

ஒரு வாரமாக மழை. மேய ஆளில்லாமல் புல் முழங்கால் உயரம். ஒவ்வொரு நுனியிலும் ஒரு உண்ணி முன்கால்களைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. எது போனாலும் பற்றிக்கொள்ளும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். பிறகு ஏன் சுவரை அடைக்கும் முன்னால் அது நினைவுக்கு வரவில்லை?

ஆள் வைத்து வெட்டலாம் என்றேன். "எதுக்கு ஆளு? நானே புடுங்குறேன்" என்று வெறும் உடம்போடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையெல்லாம் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தார். பாதிகூட முடியவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

இடுப்பில் அரைஞாண் கயிறு உரசுகிறதாம். புதுவீட்டுக்காக அத்தை குலசாமி கோயிலில் வைத்துக் கட்டிவிட்ட கயிறு. "புதுக் கயிறு அப்படித்தேன் அறுக்கும். எண்ணெயத் தடவுப்பா" என்றார் அத்தை, போனில்.

அக்டோபர் 31, வியாழன்

புதுவீட்டில் முதல் தீபாவளி. அதிரசத்தை ஒரு கடி கடித்து வைத்துவிட்டார்.

நவம்பர் 2, சனி

காய்ச்சல். 102. தெருமுனை டாக்டர் மழைக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்.

நவம்பர் 6, புதன்

ஐந்தாம் நாள். இறங்கவே இல்லை. டெங்கு இல்லை என்று ரிசல்ட், ஆனால் தட்டணுக்கள் குறைகின்றன. மஞ்சள் காமாலை போல கண். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். அத்தை கல்லுப்பட்டியிலிருந்து வந்துவிட்டார்.

சட்டை மாற்றும்போது நர்ஸ் அரைஞாண் கயிற்றை வெட்டக் கத்திரியை எடுத்தாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டார். "உசுரோட இருக்கவன் கயித்த அறுப்பாகளா? பெத்தவ இந்தச் சின்னத்தாய் செத்தப்பெறகு அறு." நர்ஸ் கத்திரியை உள்ளே வைத்துவிட்டாள். எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. கடைசியாக அதை அறுத்துப் பார்த்தது என் மாமனார் உடம்பில்.

நவம்பர் 8, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மூச்சுக்கு முகமூடி. உடம்பெல்லாம் நீர் கோத்து வீக்கம். என்னைப் பார்த்து "யாரு?" என்றார்.

டாக்டர் சின்னப் பெண். வெளியே வந்து கேட்டாள்: "வீட்டச் சுத்திப் புல்லு, பொதர், ஆடு மாடு ஏதாவது இருக்காம்மா?"

பாட்டிலைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். நீங்க பிடிச்ச உண்ணியா, புல்லுல கண்ணுக்கே தெரியாம இருக்குற பூச்சியான்னு இப்ப சொல்ல முடியாது. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அது கெடச்சா நான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேணாம்."

தேடினோம். அக்குள், காது மடலுக்குப் பின்னால், தொடை இடுக்கு. இல்லை. வேறு ஏதோ என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்தேன். எழுத ஒன்றும் வரவில்லை. சும்மா பக்கங்களைப் பின்னால் தள்ளினேன். என் கையெழுத்துதான். *இடுப்பில் அரைஞாண் கயிறு உரசுகிறதாம்.*

உள்ளே ஓடினேன். வீக்கத்தில் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. நகர்த்த வரவில்லை. கத்திரியை வாங்கினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தாமர, வேணாம்டி. அறுத்தா அம்புட்டுத்தேன்."

"அத்தை, விடுங்க."

"நீ அறுக்காத. ஒனக்கு அந்தப் பாவம் வேணாம்."

அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இல்லை என்று எழுதினால் பொய். அறுத்ததும் செத்துவிடுவார் என்றே நினைத்தேன். படித்தவள்தான். ஆனாலும் நினைத்தேன். அறுத்தேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கயிற்றுக்குக் கீழே, மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வட்டம். பத்து நாளாக அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறோம்.

டாக்டர் குனிந்து பார்த்தாள். நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அறுந்த கயிறு என் கைப்பையில் இருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 9, சனி

103. அத்தை என்னோடு பேசவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

99. "தாமர, வெண்டைக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றார்.

அத்தை எனக்குக் காபி வாங்கி வந்தார். ஆறவைத்து.

நவம்பர் 23, சனி

வீட்டுக்கு வந்து நான்கு நாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. போகப்போகச் சரியாகலாம் என்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினால் முகத்தையே பார்க்கிறார். ஆள் வைத்துப் புல்லை வேரோடு எடுத்து மருந்து அடித்தாயிற்று. வெண்டையும் போயிற்று. முற்றம் மொட்டையாகக் கிடக்கிறது. அவர் அதில் கால் வைப்பதில்லை.

அத்தை புதுக் கயிறு வாங்கி விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கட்டச் சொல்லவில்லை.

இருளாயியின் ஆடுகள் இப்போது பக்கத்துக் காலி பிளாட்டில். அங்கே புல் இடுப்பு உயரம். நாங்கள் அனுப்பிவைத்த இடம்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து ஆடுகள் கத்துகின்றன. மேயப் போன சத்தம் இல்லை, பட்டியிலேயே நின்று கத்தும் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நேற்றும் கேட்டது, நேற்று நான் போகவில்லை.

பத்து மணிக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"ஆடு ஒங்க பக்கம் வந்துருச்சா டீச்சர்? நாந்தேன் அவுத்தே விடலியே."

"ஆடு வரலக்கா. நான்தான் வந்தேன்."

"மழையில நனைஞ்சதுதேன். கசாயம் வச்சுக் குடிச்சா போயிரும். நாலு நாளாச்சு." நெற்றி கொதித்தது. "பாவாட நாடா வேற இடுப்பப் போட்டு அறுக்குது, சவம்."

அவரை போனில் கூப்பிட்டு, காதில் விழும்வரை இரண்டு முறை கத்தி, ஆட்டோ அழைத்துவரச் சொன்னேன். பிறகு கதவுப் படலைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த நாடாவக் கொஞ்சம் தளத்துங்க" என்றேன்.