பச்சைத்தண்ணீர் வாளி

ஜெகதளா,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாலதி அக்காவுக்கு,

வெற்றிச்செல்வன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கலைமதியும் நலம். நீங்களும் மாமாவும் வர்ஷாவும் திருப்பூரில் நலமாக இருக்க வேண்டுகிறோம். எங்கள் இருவர் நம்பரையும் நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால்தான் கடிதம். கலைக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

வர்ஷா காதுகுத்தில் போட்டோவுக்குக் கூப்பிட மறந்தீர்கள் என்று கலை சீர்த்தட்டைத் தட்டிவிட்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கப் பேசினாள். உங்களுக்கு மனசு விட்டுப்போனதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போனோம். பார்டர்லைன் பர்சனாலிட்டி என்றார். திமிர் இல்லையாம், நோவாம். யாராவது விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் சட்டென்று வந்து, அது கோபமாகத்தான் வெளியே தெரியுமாம். வாராவாரம் குன்னூரில் மனிஷா என்ற கவுன்சிலரைப் பார்க்கிறாள். கோபம் வந்தால், அதற்கு முன்னால் என்ன வந்தது என்று பார்த்து அதன் பெயரைச் சொல்லச் சொல்கிறார். தலைக்கேறிவிட்டால் முதலில் முகத்தைப் பச்சைத்தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டுமாம்.

இங்கேதான் நான் ஒரு கூத்துச் செய்தேன். எங்கள் தை மாதக் குளிர் உங்களுக்குத் தெரியும், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். நாள் முழுக்கத் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் சூட்டுப் பக்கம் நிற்கிறவனுக்கு, பெண்டாட்டி ஐஸ் மாதிரித் தண்ணீரில் முகம் வைப்பதைப் பார்க்கப் பொறுக்குமா? அவள் துண்டு எடுக்கத் திரும்பும்போதெல்லாம் வாளியில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்துவிடுவேன். அவளோ பாவம், இந்த வழி தனக்குச் சரிப்படவில்லை என்று மனிஷாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

போன ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஃபேக்டரியில் மெஷின் நின்றுபோய், போனையும் எடுக்க முடியவில்லை. பொழுது சாயத்தான் வந்தேன். முன்பென்றால் பாத்திரமெல்லாம் வாசலில் கிடக்கும். அன்று நேராகப் பின்பக்கம் வாளியிடம் போனாள். அவள் துண்டு எடுக்கத் திரும்பியதும் நான் ஊற்றிய அவசரத்தில், வெந்நீர் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. முகத்தை வைத்தவள் வெடுக்கென்று நிமிர்ந்து, ஏனுங்க, சுடுதண்ணி ஊத்துனீங்களா என்றாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

வாளியைக் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து நிரப்பினாள். நானிப்ப ரொம்பக் கோவமா இருக்கறனுங்க, ஆனா எங்கயும் போகமாட்டேன், நீங்களும் போயிராதீங்க என்று சொல்லிவிட்டு முகத்தை முக்கினாள். அக்கா, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கோபத்தைக் கத்தாமல் சொன்னது அன்றுதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு காபி குடிக்கும்போது, கோபத்துக்கு முன்னால் வந்தது என்னவென்று அவளே சொன்னாள். நான் போனை எடுக்காதபோது, அக்கா மாதிரி இவரும் நம்மை விட்டுவிட்டார் என்று நினைத்தாளாம்.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அடிக்கச் சொல்லிவிட்டாள். இன்னமும் சில நாள் கத்துகிறாள்தான். கத்தின பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து பேசுகிறாள்.

வரும் ஞாயிறு மத்தியானம் அவளே உங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறாள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம். அன்று ஒரு நாள் மட்டும் பிளாக்கை எடுத்துவிடுங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால், இப்போது முடியாது என்று ஒரு மெசேஜ் போட்டாலும் போதும், அதை அவள் தாங்கிக்கொள்வாள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால்தான் எனக்குப் பயம்.

வர்ஷாவுக்கு எங்கள் ஆசிகள். மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி போன்ற,
வெற்றிச்செல்வன்

பின்குறிப்பு: கீழே இருப்பது அவள் கையெழுத்து.

அக்கா, நீ எடுக்கலைன்னாலும் கத்தமாட்டேன். ஆனா எடு அக்கா.