நிரோசினியின் தட்டு

முல்லைத்தீவு
03.02.2025

என் அன்புத் தம்பி ஸ்ரனிஸ்லஸுக்கு,

போனில் கதைக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இருவரும் சத்தம் போடுகிறோம். அதனால் இனிமேல் கடிதம் எழுதி, படமெடுத்து அனுப்பப்போகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்!

நீ அனுப்பிய றைஸ் குக்கர் வந்துவிட்டது! உன் தொழிற்சாலையில், நண்டுச் சதை எடுக்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே, எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன். இந்த மாதம் யாருடைய தட்டில் சதையின் நிறை அதிகமோ, குக்கர் அவளுக்கு என்று அறிவித்தேன். அந்தக் கைதட்டலை நீ கேட்டிருக்க வேண்டும்! ஆன்சலா எங்கள் மேசையின் மூத்த கை. கையில் வேகம், வாயில் அதைவிட வேகம். "ரீச்சர், உதுக்குள்ள போட அரிசியும் தம்பி அனுப்பினவரோ?" என்று கேட்டாள். அறையே சிரித்தது.

இன்னொரு புதினமும் சொல்கிறேன். பத்து மணிக்கு வேலையை நிறுத்தி, எல்லாரையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கை வைக்கச் சொல்கிறேன். ஐஸில் கிடந்த நண்டை உடைத்து உடைத்து விரல்கள் விறைத்துப்போகின்றன. பிறகு எழும்பி, முதுகை நிமிர்த்திக் கொஞ்சம் உடற்பயிற்சி. "வயசுபோன காலத்தில எங்களை ட்ரில் வகுப்பில சேர்த்துப்போட்டா" என்று புறுபுறுக்கிறார்கள். ஆனால் ஒருத்தியும் தவறவிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலும் இதைக் கண்டிருக்கிறேன்: இடைவேளைக்குப் பிந்திய கணக்குப் பாடம்தான் பிள்ளைகளுக்கு ஏறும்.

உன் சுகத்துக்குத் தினமும் மன்றாடும்,
அக்கா யூலிற்றா


பரிஸ்
09.02.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்டது சந்தோசம். சுடுதண்ணீர், உடற்பயிற்சி எல்லாம் செய்யுங்கள். ஆனால் எனக்கு நிறைதான் முக்கியம். ஒவ்வொருவரின் தட்டையும் தனித்தனியே நிறுங்கள். போட்டி இருந்தால்தான் கை ஓடும்.

உள்ளதைச் சொல்கிறேன். இங்கே உணவகக் குசினியில் நின்று உழைத்துச் சேர்த்த காசெல்லாம் அந்தத் தொழிற்சாலைக்குள் கிடக்கிறது. நீர்கொழும்பு வியாபாரி ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருக்கிறார். ஏப்ரலில் வரும் உயிர்த்த ஞாயிறு வரை பொறுப்பாராம். அவர் வாங்கினால் நண்டை மட்டும் அங்கே வாங்கி, சதை எடுக்கும் வேலையைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். பெண்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும். நிறை கூடினால் விற்கமாட்டேன். கூடாவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

அன்புடன்,
தம்பி ஸ்ரனிஸ்லஸ்


முல்லைத்தீவு
01.03.2025

என் அன்புத் தம்பி,

கதிரையில் இருந்துகொண்டு படி!

குக்கரை வென்றது யார் தெரியுமா? நிரோசினி! கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, தை மாதம்தான் வேலைக்குத் திரும்பியவள். அறையிலேயே மெதுவான கை அவளுடையது. தராசு பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். நேற்றுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆன்சலா தண்ணீர் குடிக்க எழும்பினாள். போகிற வழியில் நிரோசினியின் தட்டில் ஒரு கை சதை. பக்கத்தில் இருக்கும் கௌசலா கை கழுவ எழும்பினாள். அவளும் ஒரு கை. நிரோசினி தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள்.

உள்ளே போய், "என்னடி பிள்ளையள் இது?" என்றேன்.

"அவளின்ர வீட்டுக்கு இப்பதான் கரண்ட் வந்தது ரீச்சர்" என்றாள் ஆன்சலா. "பிள்ளையையும் இடுப்பில வைச்சுக்கொண்டு அடுப்பு ஊதுறாள். எங்களிட்டக் குக்கர் கிடக்குதுதானே."

"இது போட்டியடி!"

"ஓம், போட்டிதான். ஆர் அவளுக்குக் கூடப் போடுறதெண்டு நாங்கள் போட்டி போட்டனாங்கள்."

தம்பி, உனக்கு நினைவிருக்கும். ஊர் கூடிக் கரைவலை இழுத்தால், அன்று வரமுடியாமல் படுத்திருப்பவர் வீட்டுக்கும் ஒரு பங்கு மீன் போகும். இவர்கள் அதைத் தட்டில் செய்திருக்கிறார்கள். தங்கள் தட்டும் குறையக்கூடாது என்று இன்னும் வேகமாக உடைத்திருக்கிறார்கள். மொத்த நிறை நன்றாகக் கூடியிருக்கிறது!

சந்தோசத்துடன் எழுதும்,
அக்கா


பரிஸ்
04.03.2025

அக்கா,

இது போட்டி இல்லை, ஏமாற்று. நிறை கூடியது ஒரு மாத விளையாட்டு. அடுத்த மாதம் இறங்கிவிடும். குக்கரைத் திருப்பி வாங்கி, இரண்டாவதாக வந்தவளுக்குக் கொடுங்கள். என் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை என்றால், வியாபாரிக்கு ஓம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரனிஸ்லஸ்


முல்லைத்தீவு
31.03.2025

என் அன்புத் தம்பி,

'அன்புடன்' என்பதை விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்திருந்தாய். பரவாயில்லை, நான் இரண்டு மடங்கு போடுகிறேன். மாதம் முடியட்டும் என்றுதான் பதில் எழுதாமல் இருந்தேன்.

இரண்டாவதாக வந்தவள் ஆன்சலா. உன் கட்டளையை அவளிடம் சொன்னேன். "தாங்கோ ரீச்சர், வாங்கிறன். பின்னேரமே அவளிட்டக் கொண்டுபோய்க் குடுப்பன். ஓட்டோக் கூலி ஆர் தாறது, தம்பியோ?" என்றாள். நான் குக்கரைத் திருப்பி வாங்கவில்லை.

பதிலாகச் சட்டத்தை மாற்றினேன். இனித் தனித்தட்டு இல்லை, முழு மேசைக்கும் ஒரே நிறை. கூடினால் ஒரு பரிசு. யாருக்கு என்று அவர்களே சொல்வார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் நட்சத்திரம் குத்தினால் மற்றப் பிள்ளைகள் கொப்பியை மறைத்துக்கொண்டு எழுதும். வகுப்புக்கே நட்சத்திரம் என்றால் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்கும்.

முடிவைக் கேள்: மாசியில் எடுத்த நிறையையும் தாண்டிவிட்டோம்! சதைக்குள் ஓடு கிடக்கிறது என்று ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. ஒருத்தி களைத்தால் மற்றவள் அவள் தட்டைப் பார்க்கிறாள்.

விற்கும் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. ஆன்சலா அன்றுதான் முதன்முறையாகப் பகிடி விடவில்லை. "அப்ப நாளைக்கு வரலாம்தானே ரீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஓம் என்றேன். ஒவ்வொரு பின்னேரமும் கேட்கிறாள். நானும் ஓம் என்கிறேன். எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்வேன் என்பது உன் கையில்தான் இருக்கிறது.

அன்புடன், மிக அன்புடன்,
அக்கா யூலிற்றா


பரிஸ்
06.04.2025

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் ரெயிலில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் கடந்துபோய்விட்டது.

இங்கே ஒரு முறை என்னை மாதத்தின் சிறந்த தொழிலாளியாகத் தெரிவுசெய்தார்கள். என் படத்தை உணவக வாசலில் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் நான் கோப்பை கழுவி முடிக்கும்வரை, குசினியில் யாராவது எனக்கு ஒரு தட்டுச் சாப்பாட்டை மூடி வைத்திருப்பார்கள். படம் தொங்கிய மாதம் ஒருவரும் வைக்கவில்லை. நின்றபடி வெறும் பாண் துண்டைச் சாப்பிட்டேன். வெற்றி என்றால் அப்படித்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

நீர்கொழும்பு வியாபாரிக்கு நேற்று இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆன்சலாவிடம் சொல்லுங்கள், இனிமேல் கேட்கத் தேவையில்லை.

ஓகஸ்டில் லீவு எடுத்துக்கொண்டு வாறன். அந்த மேசையில எனக்கும் ஒரு இடம் வையுங்கோ அக்கா. நான் மெதுவாத்தான் உடைப்பன்.

உங்கள் அன்புத் தம்பி,
ஸ்ரனிஸ்லஸ்