மூன்றாம் நிலை உற்பத்தி

பிளாக் 21, நெய்வேலி
புரட்டாசி 18

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு,

அப்பா கருப்பசாமி எழுதுகிறேன். விடுதியில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மை.

இங்கே சாயங்காலமானால் மழை. பின்பக்கத்து முருங்கை சாய்ந்துவிட்டது. அம்மா இந்த வரிசை குவார்ட்டர்ஸ் முழுக்கக் கீரை கொடுத்துத் தீர்த்தாள்.

எட்டு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கோயம்புத்தூர் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மைசூரில் காது கருவி பொருத்தும் படிப்பில் நீ சேர்ந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்திருப்பாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அது எனக்கும் வசதியாக இருந்தது. உண்மையில், போனில் நீ பேசுவது எனக்குப் புரிவதில்லை பாப்பா. சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை.

மைன்ஸில் முப்பத்தொரு வருஷம். காதில் வைக்கக் கொடுத்த அடைப்பானைப் பாதி நாள் பையிலேயே வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. ஆடி மாதம் ஒருநாள் கன்வேயர் பெல்ட் ஓரமாகக் குனிந்து, சிந்திய கரியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பெல்ட் ஓடப்போகிறது என்று சைரன் ஊதியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கூட வேலை செய்துகொண்டிருந்த சோமசுந்தரம் மாமாதான் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். சட்டை கிழிந்ததோடு போயிற்று. ஆபீஸரிடம் நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே போய்ச் சொன்னேன். வீட்டில் சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்றேன். அம்மாவுக்கு நேற்றுதான் எல்லாம் தெரியும். இரண்டு வேளை என்னோடு பேசவில்லை.

இப்போது என்னை ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் வேலை. முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு உன்னிடம் கத்தினேனே, தாத்தா பருத்தி விளைய வைத்தார், நான் கரி எடுக்கிறேன், நீ பம்பு செய்கிறாய், மண்ணிலிருந்து எடுப்பவனும் அதை வேறொன்றாக ஆக்குபவனும்தான் உற்பத்தி செய்பவன், ஊரார் காதைப் பார்ப்பது என்ன உற்பத்தி என்று. நீ மெதுவாக, சேவையும் உற்பத்திதாம்ப்பா, அது மூன்றாம் நிலை, பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கு என்றாய். பாடம் சோறு போடாது என்றேன்.

போன வாரம் ஓர் உருளை உடைந்து பெல்ட் நின்றுவிட்டது. பையன்கள் ஓடி வந்தார்கள். மாற்று உருளை எந்த அடுக்கில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். எடுத்துக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பெல்ட் ஓடி, கரி பவர் ஹவுஸுக்குப் போயிற்று. நான் எதையும் தோண்டவுமில்லை, செய்யவுமில்லை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன்.

முந்தாநாள் மாமாவோடு பாண்டிச்சேரி போய்க் காதைக் காட்டினேன். உன் வயதுப் பெண் ஒருத்தி, பெயர் ஷைனி, சின்ன அறையில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் சோதித்தாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. யார் பேசுறது கேட்காம ரொம்பக் கஷ்டமா இருக்குங்க ஐயா என்று கேட்டாள். என் மகள் என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மெல்லிய குரல்தான் முதலில் போகும், கருவி வைத்தால் பெரும்பாலும் கேட்கும், பழகத்தான் நாளாகும் என்றாள். வருகிற புதன்கிழமை பொருத்துகிறார்கள்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். சேத்தியாத்தோப்பு வரை பஸ்ஸில் வந்துவிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இரண்டு நாளாவது இரு. பக்கத்தில் உட்கார்ந்து, நீ என்ன படிக்கிறாய், எதற்காக அதைப் படிக்க ஆசைப்பட்டாய் என்று முதலிலிருந்து சொல்லு. அன்றைக்கும் சொன்னாய். அப்போது எனக்குக் காது இவ்வளவு மோசமில்லை. இருந்தும் நான் கேட்கவில்லை.

நீ தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும்.

உன் அப்பா,
கருப்பசாமி