முறையாக அணைக்கப்படாத கணினி

நவம்பர் 12, செவ்வாய்

எங்கள் வீட்டுக் கணினியைக் கெடுத்தது என் அண்ணன் வில்கின். நான் கல்லூரிக்குப் போகும் நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக ஒளிபரப்பாகும் பேஸ்பால் ஆட்டங்களை அதில் பார்க்கிறான்.

இன்று மதியம் என் ஆய்வறிக்கையின் நான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன். அம்புக்குறி திரை நடுவில் நின்றது. நின்றதுதான். எந்த விசைக்கும் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் நீலத் திரை. கணினியின் அடிப்படைக் கோப்புகள் பழுதடைந்துவிட்டனவாம். கூடவே ஒரு சோக முகம். அந்த முகத்தை வரைந்தவனை நேரில் பார்க்க வேண்டும்.

ஆய்வறிக்கை கொடுக்கக் கடைசி நாள் 29. கொடுக்காவிட்டால் செவிலியர் பட்டம் இன்னும் அரை வருடம் தள்ளிப்போகும். நான் கடைசியாகப் பிரதி எடுத்து வைத்தது செப்டம்பரில். அதற்குப் பிறகு அறுபத்து மூன்று வீடுகளில் ஏறி இறங்கி எழுதியதெல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வில்கினைப் பிடித்துக் கேட்டேன். “நான் ஆட்டம் மட்டும்தான் பாத்தேன், டாக்டரம்மா. அங்க பந்தை அடிச்சா இங்க உன் பெட்டி உடையுமா?” என்றான். வாய் நிறைய வறுத்த சலாமி இறைச்சி. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடகைச் சவாரிக்குப் போய்விட்டான்.

நவம்பர் 13, புதன்

பேராசிரியை தவாரெஸ் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் எழுதியது சுலபமான விஷயம். கரண்ட் போனால் பம்பு நிற்கிறது. பம்பு நின்றால் குழாய் காய்கிறது. குழாய் காய்ந்தால் பீப்பாயில் நாள்கணக்காகக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்கிறோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இதில் யாருக்கு என்ன சந்தேகம்?

அவருக்கு இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில்: “எத்தனை முறை போனது? எந்தெந்தத் தேதியில்?”

“எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, டீச்சர்.”

“யாரைக் கேட்டாலும்னா அது வம்புப் பேச்சு, தையானா. தேதி போட்டாத்தான் ஆதாரம். ஆதாரம் இல்லாம இந்த அத்தியாயத்தை நான் ஏத்துக்க முடியாது.”

அவர் வீட்டிலும் கரண்ட் போகும். ஆனால் அவருக்குத் தெரியாது, இன்வெர்ட்டர் இருக்கிறது. இருட்டைப் பார்க்காதவர்கள்தான் இருட்டுக்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

ஆனால் அவர் கேட்டது சரிதான். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 15, வெள்ளி

தெருமுனையில் கைபேசி பழுதுபார்க்கும் பிளாடிமிர் வீட்டுக்கு வந்தான். ஏதேதோ விசைகளை அழுத்திக் கணினியைக் குறைந்தபட்ச நிலையில் எழுப்பினான். ஒரு கறுப்புச் சன்னலில் ஒரு வரி கட்டளை. அது அடிப்படைக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கெட்டதை மாற்றுமாம். அதற்கு முன்னால் என் அத்தியாயங்களை வெளியே எடுத்துவிடலாம் என்று நகலெடுக்கப் பார்த்தோம். பாதியில் உறைந்தது. இரண்டு முறையும்.

“முதல்ல இதைச் சரி பண்ணுவோம். அதுவரைக்கும் எதையும் தொடாதே” என்றான்.

பத்து சதவீதம். இருபது. அம்மா காபி கொண்டுவந்தாள். நாற்பத்து மூன்று.

கரண்ட் போய்விட்டது.

பேட்டரி போன வருடமே உப்பிப்போய், வெடித்துவிடும் என்று பயந்து அம்மா கழற்றி வீசிவிட்டாள். அதனால் எங்கள் கணினிக்கு உயிர் என்பது சுவரில் இருக்கும் இரண்டு ஓட்டைகள்தான்.

“என்ன தங்கச்சி, இது மடிக்கணினி இல்ல, சுவர்க்கணினி” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தான் பிளாடிமிர்.

நவம்பர் 16, சனி

பத்தொன்பது சதவீதம். போச்சு.

நவம்பர் 17, ஞாயிறு

விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருக்கோடியில் யாரோ “வந்துருச்சு!” என்று கத்தினார்கள். அந்தக் குரல் வீடு வீடாகத் தாவி எங்கள் வாசலுக்கு வந்தது. எங்கள் தெருவில் கடவுளுக்குக்கூட இந்த வரவேற்பு கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டார்கள். துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப்பெட்டி, பம்பு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பாட்டு. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, விளக்கைக்கூடப் போடாமல், கணினியின் பொத்தானை அழுத்தினாள்.

“உனக்காகத்தான்டி. ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது.”

நாலே நிமிடம். கம்பத்து டிரான்ஸ்பார்மர் டப்பென்றது. மறுபடி வந்தது, மறுபடி ஓடிவந்து அழுத்தினாள். மறுபடி டப். மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் அழுதுவிட்டேன் என்று எழுதிவைக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

இன்னும் பன்னிரண்டு நாள்.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்று மணி நேரம் நிற்காத கரண்ட் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். சுகாதார நிலையத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. லாட்டரிக் கடையில் இருக்கிறது! தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி அணைந்து கிடக்கிற குடியிருப்பில், நம்பர் விற்கிற கடைக்கு நான்கு பேட்டரி போட்ட இன்வெர்ட்டர். இந்த நாட்டை யார் நடத்துகிறார்கள் என்று தெரிய வேறு பாடம் வேண்டாம்.

கடையில் உட்காரும் மினெர்வா நல்லவள். “வா, அந்த மூலையில பிளக் இருக்கு. ஓனர் வந்து கேட்டா நீ என் சித்தி பொண்ணு” என்றாள்.

முதல் கட்டளை நூறு வரை போயிற்று. சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்று முடித்தது. பிளாடிமிர் அதே இயங்குதளப் பதிப்பின் நல்ல நகலை ஒரு பென் டிரைவில் கொடுத்திருந்தான். அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டாவது கட்டளை. அது அறுபத்திரண்டில் நின்றது.

முடி சுருட்டும் சுருள்களைத் தலையில் மாட்டியிருந்த ஒரு அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள இது, கறுப்பா?”

“கணினி ரிப்பேர், அக்கா.”

“எத்தனையில நிக்குது?”

“அறுபத்திரண்டு.”

“எவ்வளவு நேரமா?”

“இருபது நிமிஷமா.”

அக்கா மினெர்வா பக்கம் திரும்பினார். “எனக்கு அறுபத்திரண்டு போடு.”

அவ்வளவுதான். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அறுபத்திரண்டு. தெருவில் போனவர்களும் உள்ளே வந்தார்கள். நான் திரையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே எதிர் வேண்டுதல் வைக்கிறது. எண் அறுபத்து மூன்றுக்கு நகர்ந்ததும் ஒருவர் அலறினார்: “ஏய் நிறுத்து! இப்பத்தான்யா காசு குடுத்தேன்!”

நான்கு மணிக்கு நூறு. அணைத்துப் போட்டேன். நீலத் திரை இல்லை, சோக முகம் இல்லை. நான்காம் அத்தியாயம் திறந்தது. கீழே போனேன், மேலே போனேன், உறையவில்லை. அறுபத்து மூன்று வீடுகளும் அப்படியே இருந்தன. மினெர்வாவைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நிமிடமே மூன்று பிரதி எடுத்தேன், ஒன்றை அவளிடமே கொடுத்துவைத்தேன்.

நவம்பர் 20, புதன்

நேற்று லாட்டரியில் விழுந்தது இருபத்தாறு. “உன் பெட்டிக்கு எண்ணைத் திருப்பிச் சொல்ற வியாதி. சரியா ரிப்பேர் பண்ணலை நீ” என்று சுருள் அக்கா தெருவில் வைத்துத் திட்டினார்.

கணினியையும் எடுத்துக்கொண்டு பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிளாடிமிர் கேட்டான்: “ஏன் கெட்டுச்சுன்னு தெரிய வேணாமா?” கணினிக்குள் இருக்கும் பதிவேட்டைத் திறந்து காட்டினான். அது தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்குமாம். எனக்கு இதுவரை தெரியாது.

ஒரே வாக்கியம், வரி வரியாக, பக்கம் பக்கமாக. இன்ன தேதி, இன்ன மணிக்கு நடந்த நிறுத்தம் எதிர்பாராதது. பதிவேடு தொடங்கிய ஆகஸ்ட் நான்கிலிருந்து எண்ணினோம். இருநூற்றுப் பதினான்கு.

இருநூற்றுப் பதினான்கு தடவை ஏதோ ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே கையை வெட்டினால் எதுதான் உருப்படும்?

“அப்போ வில்கினோட ஆட்டம்?”

“ஆட்டத்துல வைரஸ் எதுவும் இல்ல. விளம்பரம்தான் அசிங்கமா இருக்கு.” பிறகு திரையில் விரலை வைத்தான். “இங்க பாரு. மூணு மூணா வருது. சாயங்காலம் ஆறு ரெண்டு, ஆறு ஆறு, ஆறு பதினொண்ணு. கரண்ட் வந்த கையோட இதைப் போடுறது யாரு உங்க வீட்டுல?”

அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தேன்.

“எங்க அம்மா.”

அவன் சிரிக்கவில்லை. நல்ல பையன். நானும் அம்மாவை நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. தேதி. மணி. நிமிடம். தவாரெஸ் டீச்சர் கேட்டது இதைத்தானே!

நவம்பர் 22, வெள்ளி

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இன்று மசித்த வாழைக்காயும் முட்டையும் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். கரண்ட் வந்ததும் ஊரே எல்லாவற்றையும் போடுவதால்தான் அது மறுபடி போகிறது, கத்தல் கேட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் கணினியைத் தொட வேண்டும் என்று.

“அப்போ நான்தான் கொன்னேனா?”

“கொன்னது கரண்ட் கம்பெனி, அம்மா. நீ சும்மா… அவசரப்பட்ட.”

அம்மா தட்டைப் பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. “இருநூறு தடவை அடுப்பை விட்டுட்டு ஓடியிருக்கேன்டி! ஓட்டப்பந்தயத்துல விட்டிருந்தா பதக்கமாவது வாங்கியிருப்பேன்.”

வில்கின் விடுவானா? “நான்தான் பெட்டியைக் கெடுத்தேன்னு சொன்னியே. மன்னிப்பைக் காகிதத்துல எழுதிக் குடு. தேதி போட்டு.”

எழுதிக் கொடுத்தேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறான்.

நவம்பர் 24, ஞாயிறு

கத்தல் 5.40. அம்மா கையைக் கட்டிக்கொண்டு கணினி முன்னால் காவல் நின்றாள். டப் 5.44. டப் 5.49. பொத்தானை அழுத்தியது 6.05. ஏழு பக்கம் எழுதினேன்.

நவம்பர் 29, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

தவாரெஸ் டீச்சர் பின்னிணைப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கணினி ஓடிய நேரத்தில் போனது மட்டும்தான் இதில் இருக்கிறது, மற்ற நேரத்தில் போனது கணக்கில் இல்லை என்று மேலேயே எழுதியிருந்தேன்.

“யார் எடுத்த கணக்கு?”

“கணினியே எடுத்தது, டீச்சர்.”

“ஒவ்வொரு தடவை சாகும்போதும் எழுதிச்சா?”

“இல்ல. ஒவ்வொரு தடவை எழுந்து வந்ததும் எழுதிச்சு.”

சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். “இந்த அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்” என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை.

படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மின்சாரக் கம்பெனி அலுவலகம். நான், அம்மா, மினெர்வா, சவாரியை விட்டுவிட்டு வந்த வில்கின். உள்ளே ஏசியில் நடுங்குகிற குளிர். பின்பக்கம் வீட்டளவுக்கு ஒரு ஜெனரேட்டர். கரண்ட் விற்கிறவனே தன் சரக்கை நம்புவதில்லை.

சன்னலில் என் வயதுப் பெண். நான் தாள்களை நீட்டினேன்.

“இது புகார்ப் படிவம் இல்லையே, மேடம்.”

“படிவம் அடியில இருக்கு. இது இணைப்பு. இருநூத்திப் பதினாலு தடவை, மணியோட.”

அவள் முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டாள். மேலாளர் அறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். கதவு மூடியிருந்தது.

நான் ஒரு பெரிய பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் அம்மா என்னை விலக்கிவிட்டுச் சன்னலில் முழங்கையை ஊன்றினாள்.

“கண்ணு, நிறுத்தவே கூடாதுன்னு நாங்க கேக்கலை. நிறுத்துற நேரத்தை முன்னாடியே சொல்லுங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு. ஒரு காகிதத்துல எழுதி எங்க தெரு முனையில ஒட்டுங்க. எப்ப ஒட்டுவீங்க?”

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். ஏதோ தட்டினாள். நிறுத்தினாள். எங்களுக்குப் பின்னால் வரிசை முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

“சொல்லு, கண்ணு. எப்ப ஒட்டுவீங்க?”